கத்தாத இலை

அத்தியாயம் 4

"உங்க அஞ்சு நல்ல இலையும் உயிருக்குப் போராடினதா மெஷின் சொல்லுது சார்," என்றாள் ஹர்ஷினி. "அதனால இந்த டெஸ்ட் மொத்தமும் வேஸ்ட்."

ஆர்தர் காகிதத்தைக் கையில் வாங்காமலே முறைத்தார். மூன்று நாளாக அவருக்கு இதே கதிதான். எதைத் தொட்டாலும் வேஸ்ட்.

புதன்கிழமை காலை பதினொன்றரை. திருப்பதியில் ஒரு பல்கலைக்கழகத்தின் பின்பக்கத்து ஆய்வுக்கூடம். ஹர்ஷினி காஞ்சிபுரத்துப் பெண். செடிகளின் கொழுப்பை ஆராய்வதற்காகத் திருப்பதிக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஆர்தர் இருபத்திரண்டு வருஷம் பயிர் இன்ஷூரன்ஸ் சர்வேயராக வயல் வயலாக அலைந்து ஓய்ந்து, சித்தூரில் துப்பறியும் நிலையம் போட்டவர். பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தவள் அவருடைய உதவியாளர் கல்பனா. வாய்க்குத் தனிச் சம்பளம் என்று வைத்திருந்தால் ஆர்தர் என்றைக்கோ கடையை மூடியிருப்பார்.

"வேஸ்ட்னா முழு வேஸ்ட்டா, பாதி வேஸ்ட்டா மேடம்?" என்றாள் கல்பனா. "நாலு மணிக்கு ஆபீசர் பண்ணைய அழிக்க வந்துகினு இருக்காரு. பாதியாவது தேறுமா?"

விஷயம் இதுதான். புத்தலப்பட்டில் எப்சிபா என்பவள் தக்காளி நாற்றுப்பண்ணை வைத்திருந்தாள். சாதாரண நாற்று இல்லை. காட்டுக் கத்தரியின் வேர்ப்பகுதியில் தக்காளியை ஒட்டுக்கட்டிய நாற்று. வாடல் நோய் அதைத் தொடாது. அந்தக் காட்டுக் கத்தரியை எட்டு வருஷம் பொறுக்கிப் பொறுக்கித் தேற்றி, அறுபத்து நான்கு தாய்ச்செடிகளாக பிளாஸ்டிக் கூரை போட்ட நாலாவது பாலி ஹவுஸில் வளர்த்துவந்தாள். போன ஞாயிறு சித்தூர் தேவாலயத்தில் ஆராதனை முடிந்து மதியம் வந்து பார்த்தால், முதல் பாலி ஹவுஸில் வாசலோரமாக நாற்பது குழித்தட்டு நாற்று துவண்டு செத்துக் கிடந்தது.

திங்கட்கிழமை தோட்டக்கலை அதிகாரி வந்தார். தண்டை வெட்டித் தண்ணீரில் விட்டு, கிருமி கசிகிறதா என்று பார்த்தார். நோய் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. புது நோயாக இருந்து சுற்று வட்டாரத் தக்காளிக்கெல்லாம் பரவினால் யார் பதில் சொல்வது? புதன் மாலை நாலு மணிக்குள் காரணம் தெரியாவிட்டால் நாலு பாலி ஹவுஸையும் அழித்துவிட வேண்டும் என்று உத்தரவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அதே தேவாலயத்துக்காரர் என்ற உரிமையில் எப்சிபா ஆர்தரிடம் ஓடிவந்தாள். ஆர்தருக்கு முதல் நாளே ஆள் கிடைத்துவிட்டான். எதிர்ச்சாரியில் பண்ணை வைத்திருக்கும் கோவர்த்தனன். ராத்திரியோடு ராத்திரியாகக் களைக்கொல்லி அடித்திருப்பான், சந்தேகமே இல்லை! இரண்டு நாள் அவன் பின்னாலேயே அலைந்தார். கடைசியில், அவன் சனிக்கிழமையே குடும்பத்தோடு திருமலைக்குப் போய் திங்கட்கிழமைதான் திரும்பினான் என்று தெரியவந்தது. புதிதாக வழித்த மொட்டைத்தலை வேறு சாட்சிக்கு இருந்தது.

"ஆளு வெச்சு அடிச்சிருக்கலாம் இல்ல?" என்று ஆர்தர் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். இலை எப்படிச் செத்தது என்று பார்த்து அதை நிரூபிக்கத்தான் இந்த டெஸ்ட்.

"மறுபடி ஒரு தடவை சொல்லுங்கம்மா," என்றார் இப்போது ஹர்ஷினியிடம், பல்லைக் கடித்துக்கொண்டு. "எனக்குப் புரியற மாதிரி."

"ஒவ்வொரு செல்லையும் சுத்தி ஒரு சவ்வு இருக்கும் சார். ரெண்டு அடுக்குக் கொழுப்பு. அதுல பல ரகம். அதுல ரொம்பச் சின்னது, ரொம்ப எளிமையானது பாஸ்பாடிடிக் அமிலம். செல் மத்தக் கொழுப்பைச் செய்யணும்னா இதுலேர்ந்துதான் ஆரம்பிக்கும். சவ்வுக்கும் இதுலேர்ந்து, சேமிப்புக்கும் இதுலேர்ந்து."

"ஒரே மாவு. அதுலயே இட்லி, அதுலயே தோசை," என்றாள் கல்பனா.

"ஆமா. செஞ்சு செஞ்சு தீர்ந்துடறதால மாவு எப்பவும் கொஞ்சம்தான் இருக்கும். நூறு பங்கு கொழுப்புல ஒண்ணு, ரெண்டு. ஆனா செல்லுக்கு அடி பட்டா கதை வேற. குளிரோ, வறட்சியோ, கிருமியோ, வெட்டுக்காயமோ, எதுவா இருந்தாலும், சவ்வுல இருக்கற ஒரு என்சைம் பெரிய கொழுப்போட தலையைக் கத்தரிச்சு விட்டுடும். மிச்சம் நிக்கிறது பாஸ்பாடிடிக் அமிலம். சடசடன்னு ஏறும். அதுதான் செல்லோட கூச்சல். 'அடி விழுது, அடி விழுது'ன்னு மத்த எல்லாத்தையும் உஷார்ப்படுத்தும்."

"அப்ப செத்த இலையில கூச்சல், நல்ல இலையில அமைதி. அதானே நீங்க சொன்னது?" என்றார் ஆர்தர்.

"அப்படித்தான் இருக்கணும். ஆனா நல்ல இலையில பதினேழு, பத்தொம்பது, இருபத்தொண்ணுன்னு ஏறிக் கிடக்கு." ஹர்ஷினி கண்ணாடியைக் கழற்றினாள். "சார், நான் ஒரு பாட்டில் குடுத்தனுப்பினேனே. ஸ்பிரிட். அதை வெந்நீர்ப் பாத்திரத்துல வெச்சுச் சூடு பண்ணி, செடியிலேர்ந்து இலையைக் கிள்ளின உடனே அதுல போடுங்கன்னு சொன்னேன்ல?"

ஆர்தர் கூரையைப் பார்த்தார்.

"சார் அந்த பாட்டில வெச்சு கார் கண்ணாடி தொடச்சாரு," என்றாள் கல்பனா. "பளபளன்னு இருக்குது இப்ப."

"இலைய நறுக்கினது யாரு?"

"நானு. பையில கொள்ளலைன்னு கத்திரிக்கோலால கொத்தமல்லி மாதிரி பொடிசா நறுக்கிட்டேன். அப்புறம் நாலு மணி நேரம் மாங்கா லாரிங்க பின்னால நின்னோம்."

"போச்சு! அந்தக் கத்திரிக்கோல்தான் கூச்சலைக் கிளப்பியிருக்கு. வெட்டின இடத்துல எல்லாம் என்சைம் வேலை செஞ்சு, வண்டிச் சூட்டுல நாலு மணி நேரம் தலை வெட்டியிருக்கு. நல்ல இலையே இப்படின்னா, செத்த இலைய எதோட ஒப்பிடறது? நான் செத்த இலை எண்களைப் படிக்கவே இல்ல. சாரி சார்."

ஆர்தர் காகிதத்தைப் பிடுங்கி நாலாக மடித்துச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு வெளியே நடந்தார்.

சந்திரகிரியைத் தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. மாம்பழக்கூழ் ஆலைக்குப் போகிற லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வரிசை கட்டியிருந்தன. ஆர்தரின் கிழட்டு ஆல்டோவில் ஏசி கிடையாது. வெயில் நாற்பத்தொன்று. அதிகாரிக்கு ஐந்தாவது முறையாகப் போன் போட்டார். சுவிட்ச் ஆஃப். எப்சிபா மூன்று முறை கூப்பிட்டிருந்தாள். எடுத்து என்ன சொல்வது? உன் எட்டு வருஷத்தைக் காப்பாற்ற வேண்டிய மருந்தை வைத்து நான் கண்ணாடி துடைத்தேன் என்றா?

ஸ்டியரிங்கில் ஓங்கிக் குத்தினார். ஹாரன் அலறியது. முன்னால் லாரி டிரைவர் இறங்கிவந்து திட்டிவிட்டுப் போனான்.

"சார், இத்தப் பாருங்களேன்." கல்பனா அவர் பையிலிருந்து எடுத்த காகிதத்தை விரித்து வைத்திருந்தாள். "செத்த இலைக்கு ஒண்ணு புள்ளி நாலுன்னு போட்டிருக்கு. அடுத்தது ஒண்ணு புள்ளி ஒண்ணு. அஞ்சும் இப்படித்தான்."

"அதான் செத்துப்போச்சே. செத்தது எப்படிக் கத்தும்?"

"சரிதான். செத்தவன் ஸ்டேஷனுக்குப் போயி கம்ப்ளெயின்ட் குடுக்க மாட்டான்." ஒரு கணம் யோசித்தாள். "ஆனா சாவறப்ப கத்தியிருக்கணுமே சார்?"

ஆர்தர் அவளைத் திரும்பிப் பார்த்தார். போனை எடுத்து ஹர்ஷினிக்குப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். எண்களைப் படித்துக் காட்டினார்.

அந்தப் பக்கம் ஹர்ஷினி எண்களைக் குறித்துக்கொள்வது கேட்டது.

"திருப்பிப் படிங்க சார்." படித்தார். "அது முடியாதே. கிருமியால செத்தாலும் சரி, களைக்கொல்லியால செத்தாலும் சரி, சாக நேரம் ஆகும். அந்த நேரம் பூரா அமிலம் ஏறிக்கிட்டே போகும். செல் செத்தப்புறம்கூட என்சைம் லேசுல சாகாது. நீங்க அந்த இலையையும் அதே கத்திரிக்கோல்லதானே நறுக்கினீங்க?"

"அதே கத்திரிக்கோல்தான், அதே பைதான், அதே வண்டிதான் மேடம்," என்றாள் கல்பனா.

"அப்ப அதுவும் இருபது காட்டணும். காட்டலைன்னா... நீங்க வெட்டறதுக்கு முன்னாடியே என்சைம் செத்திருக்கு."

"என்சைமைக் கொல்றது எப்படி?" என்றார் ஆர்தர். கேட்டு முடிக்கும்போதே அவருக்குப் பதில் தெரிந்துவிட்டது.

"சூடு சார். எழுபத்தஞ்சு, எண்பது டிகிரி. அதுக்குத்தானே நான் அந்த பாட்டிலைக் குடுத்தேன்?"

"வெயில்ல அப்படி ஆவுமா?"

"வெயில் எழுபத்தஞ்சு டிகிரி வந்தா நாம இப்ப பேசிக்கிட்டிருக்க மாட்டோம் சார். யாரோ அந்த நாத்து மேல கொதிக்கக் கொதிக்கத் தண்ணி ஊத்தியிருக்காங்க." ஹர்ஷினியின் குரலில் முதல்முறையாக ஒரு துள்ளல். "நீங்க நான் சொன்ன மாதிரி ஒழுங்கா எடுத்துவந்திருந்தா பத்து இலையும் ஒண்ணு, ரெண்டுன்னு காட்டியிருக்கும். ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது. நீங்க கெடுத்ததாலதான் இது தெரியுது."

இந்த மாதிரிப் பாராட்டை ஆர்தர் இதுவரை வாங்கியதில்லை. அந்த எண்களைப் போட்டு, கையெழுத்தோடு நாலு வரி விளக்கம் எழுதி, படம் பிடித்து அனுப்பும்படி அவளிடம் சொன்னார்.

லாரி நகர்ந்தது. ஒரு லாரி நீளம். மறுபடி நின்றது.

அவர்கள் புத்தலப்பட்டு போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று பத்து. எப்சிபா நாலாவது பாலி ஹவுஸ் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். யாராவது கதவைத் தொட்டால் கடித்துவிடுவாள் போலிருந்தது. அவள் தம்பி டைட்டஸ் பக்கத்தில் தண்ணீர்க் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தான். முப்பது வயது. பண்ணையில் அன்றாட வேலை முழுக்க அவன் தலையில்தான்.

"இன்னா அண்ணா, எதுனா தெரிஞ்சுதா?" என்றாள் எப்சிபா.

"சுடுதண்ணி எங்கம்மா காயவெக்கறீங்க?"

அவள் புரியாமல் விழித்துவிட்டு, முதல் பாலி ஹவுஸின் வாசலுக்கு வெளியே கைகாட்டினாள். அடுப்புக்கல்லின் மேல் கருத்துப்போன ஒரு இரும்பு டிரம். பழைய குழித்தட்டில் நோய் ஒட்டியிருக்கக் கூடாது என்று கொதிநீரில் முக்கி எடுப்பதற்காக வைத்தது. மூன்று நாளாக ஆர்தர் தினமும் அந்த டிரம்மைச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே போய்வந்திருக்கிறார். ஒரு தடவை அதன் விளிம்பில் உட்கார்ந்து கோவர்த்தனனைப் பற்றி அரைமணி நேரம் பேசியும் இருக்கிறார்.

தன்னைத்தானே நாலு அறை அறையலாம் போலிருந்தது அவருக்கு.

"வாசலோரமா நாப்பது தட்டு. ஏன் நாப்பதோட நின்னுது?" என்றார் கல்பனாவிடம். "நோயின்னா ஈரம் அதிகமா இருக்கற மூலையில ஆரம்பிக்கும். அது அந்தக் கோடி."

"சுடுதண்ணிய வாளியில தூக்கிகினு அந்தக் கோடிக்குப் போறதுக்குள்ள ஆறிப்போயிடும்," என்றாள் கல்பனா. "இது சோம்பேறி நோயி சார். பத்தடிக்கு மேல நடக்கல."

காவலாளி சிரஞ்சீவியைக் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் கேட்டில் இருந்தவன் அவன் ஒருவன்தான்.

"எத்தன தபா கேப்பீங்கய்யா? அம்மதோடு, அம்மா மேல சத்தியமா, வெளியாளு ஒருத்தனும் உள்ள வரல."

மூன்று நாளில் நாலாவது முறையாக அதே பதில். அதே வார்த்தைகள். ஆர்தருக்குக் கோபம் தலைக்கேறியது. கத்துவதற்கு வாயைத் திறந்தவர், பாதியில் மூடிக்கொண்டார்.

"வெளியாளு வரல. சரி. உள்ளாளு?"

"உள்ளாளுன்னா?" சிரஞ்சீவி தலையைச் சொறிந்தான். "தம்பிதான் வந்தாரு. தட்டு கழுவணும்னு டிரம்முல அடுப்பு மூட்டினாரு. அவரு வந்ததெல்லாம் ஒரு வரவா? வூட்டு ஆளுதானே."

குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

"நீ கோயில்ல இருந்ததா சொன்னியே டைட்டஸ்?" என்றார் ஆர்தர்.

"மொத பாட்டு வரைக்கும் இருந்தேன்."

"ஞாயித்துக்கிழமை தட்டு கழுவற வேலை இன்னா?"

எப்சிபா நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்தாள்.

அந்த நேரம் பார்த்து ஜீப் வந்தது. மணி மூன்று நாற்பது. அதிகாரியோடு முதுகில் மருந்துத் தெளிப்பானைக் கட்டிய இரண்டு ஆட்கள் இறங்கினார்கள். அதிகாரி கெட்டவர் இல்லை. அவர் முகத்திலும் இந்த வேலை சீக்கிரம் முடிந்தால் போதும் என்ற களைப்புதான் இருந்தது.

"ஏம்மா, ரெடியா?"

ஆர்தர் ஹர்ஷினியின் கடிதத்தைப் போனில் காட்டினார். அதிகாரி இரண்டு தடவை படித்தார். கருகிய நாற்றுத் தட்டைப் போய்ப் பார்த்தார். டிரம்மைப் பார்த்தார். திரும்பி வந்தார்.

"சரி. நோயில்ல, மனுசன் வேலைன்னே வெச்சுக்கலாம். எந்த மனுசன்? 'யாரோ ஊத்திட்டாங்க'ன்னு எழுதிகினு போனா என் மேலதிகாரி என்னை வெச்சு செய்வாரு. செஞ்சவன் பேரு போட்டு எழுத்து மூலமா புகார் குடுங்க. அந்தக் காப்பிய வெச்சு உத்தரவ நிறுத்தறேன். இல்லையா, நாலு மணிக்கு நான் என் வேலையப் பாக்கணும்."

ஜீப்பின் பானட் மேல் ஒரு படிவத்தை வைத்து, பேனாவை எப்சிபாவிடம் நீட்டினார்.

எப்சிபா அதை வாங்காமல் தம்பியைப் பார்த்தாள். "ஏன்டா?"

"அந்தச் செடிய மொதல்ல பாத்தது யாரு அக்கா?" என்றான் டைட்டஸ். "காணிப்பாக்கம் ஏரிக்கரையில, நைனா செத்த வருசம். வேரோட புடுங்கிகினு வந்தது நானு. எட்டு வருசம் தண்ணி ஊத்தினது நானு. பதிவு பண்ணப் போனப்ப யாரு பேரு போட்ட? உன் பேரு. ரகத்துக்கும் உன் பேரு. 'எப்சிபா ஒண்ணு'ன்னு. என் பேரு ஒரு மூலையில கூட இல்ல."

"கேட்டிருந்தா போட்டிருப்பேனேடா."

"கேட்டு வாங்கினா அது பேராக்கா?"

பெங்களூர் விதைக் கம்பெனி ஒன்று மூன்று மாதம் முன்பு அவனிடம் வந்ததாம். கண்டுபிடித்தவன் டைட்டஸ் என்று அச்சடித்தே ரகத்தை வெளியிடுகிறோம் என்றார்களாம். விதை கொடுத்துவிட்டான். ஆனால் தாய்ச்செடி வேறெங்கும் இருக்கக் கூடாது என்பது அவர்கள் போட்ட நிபந்தனை.

"அப்ப நேரா நாலாவது ஹவுஸ்லயே ஊத்தியிருக்கலாமே?" என்று கேட்டுவிட்டார் ஆர்தர்.

"போனேன்," என்றான் டைட்டஸ். "ரெண்டு வாளி தூக்கிகினு கதவு வரைக்கும் போனேன். அதுங்க மேல என்னால ஊத்த முடியல. நான் வளத்ததுங்க. அதான் மொத ஹவுஸ்ல ஊத்தினேன். மிச்சத்த சர்க்காரே செஞ்சிடும்னு."

கல்பனா எதையோ சொல்ல வாயெடுத்து, ஆர்தரின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். ஆர்தருக்கு வெற்றி பெற்ற உணர்ச்சி துளிக்கூட இல்லை. கோவர்த்தனனாக இருந்திருக்கக் கூடாதா என்றுதான் இருந்தது. மொட்டைத்தலையோ மயிர்த்தலையோ, அவனாக இருந்திருந்தால் இந்நேரம் எல்லோரும் சேர்ந்து அவனைத் திட்டிவிட்டு டீ குடித்துக்கொண்டிருக்கலாம்.

"மூணு அம்பத்தி ரெண்டு," என்றார் அதிகாரி, கடிகாரத்தைப் பார்த்து. யாரையும் விரட்டுகிற குரல் இல்லை அது.

எப்சிபா பேனாவை வாங்கினாள். படிவத்தில் தேதி எழுதினாள், இடம் எழுதினாள். 'செய்தவர் பெயர்' என்ற இடத்துக்கு வந்ததும் கை நின்றது. "தெரியாதுன்னு போட்டா?"

"நாலாவது ஹவுஸ் போயிடும்மா."

அவள் மறுபடி குனிந்தாள். 'டை' என்று எழுதினாள். அதற்கு மேல் பேனா நகரவில்லை. அவள் தோள் குலுங்குவதை ஆர்தர் பார்த்தார். பார்க்காதது போல ரோட்டுப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

டைட்டஸ் குழாயைக் கீழே வைத்தான். ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து, அவள் கையிலிருந்து பேனாவை எடுத்தான். அவள் விட்ட இடத்திலிருந்து தன் பெயரை முழுசாக எழுதினான். தெலுங்கிலும் ஒரு முறை எழுதி, அதிகாரியிடம் கொடுத்தான்.

அதிகாரி படித்துப் பார்த்துவிட்டுத் தெளிப்பான்காரர்களுக்குக் கை காட்டினார். அவர்கள் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார்கள்.

"படிவத்துல இன்னும் ஒரு கட்டம் பாக்கி இருக்குது," என்றார். "புகார்தாரருக்கு இவரு என்ன உறவு? பண்ணை ஆளுன்னு போட்டுக்கட்டுமா?"

டைட்டஸ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

எப்சிபா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"தம்பி," என்றாள். "கூடப் பொறந்த தம்பின்னே போடுங்க."